அப்பாவுக்கு, பிரேக் பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலம்தானே? போனில் பேசும்போது, "சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாயாமே, பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் "பிடிக்கிறது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். சைக்கிளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னது மனதுக்கு ஒப்பவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் பஸ் கிளம்பும் முன்பே என் வேலை நேரம் தொடங்கிவிடுகிறது. சைக்கிள் இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை. போகும் வழியில் நீண்ட இறக்கம் ஒன்று உண்டு. அது முடியும் இடத்தில் சிக்னல். ஆண்டில் பாதி நாள் சாலை ஈரமாகவே கிடக்கும். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க உப்பைத் தூவிவிடுகிறார்கள். அந்த உப்பும் மணலும் தண்ணீரோடு சேர்ந்து ரிம்மில் அப்பிக்கொண்டு பிரேக் கட்டையை அரைக்கின்றன, கேபிளுக்குள் இறங்கித் துரு ஏற்றுகின்றன. கோடையில் மாதக்கணக்கில் வரும் கட்டை இந்தச் சேற்றில் வாரக்கணக்கில் தேய்கிறது. எனவே பிரேக் பாகங்கள் வாங்குவது இங்கே என் மாதச் செலவுகளில் ஒன்று. அதை எப்படிக் குறைப்பது என்பதில்தான் என் ஓய்வு நேரம் நிறையப் போகிறது.

இங்கே பாகத்தின் விலையைவிட அதை மாட்டும் கூலிதான் அதிகம். கட்டை தேய்ந்துவிட்டது என்று கடைக்குப் போனால், பிரேக் செட் முழுவதையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். பழையதில் எது கெட்டது என்று தேடிப் பார்க்கும் நேரத்துக்கும் கூலி விழுகிறது என்பது அவர்கள் கணக்கு. நம் கணக்கு அது அல்ல. தேய்ந்தது எதுவோ அதை மட்டும், அதிலும் எவ்வளவு சிறிய பாகமாகக் கிடைக்குமோ அவ்வளவு சிறியதாக வாங்கினால் போதும். அதற்கு அந்தப் பாகத்தின் வகையும் அளவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். விலை குறைவதெல்லாம் அந்த விவரத்தால்தான்.

நீங்கள் ஓட்டிய கம்பி பிரேக் சைக்கிளில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் போய்ப் பிடிக்கும். என் சைக்கிளில் இருப்பது வி-பிரேக். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் அதை 1996-இல் கொண்டுவந்தது. இன்றைக்கு எத்தனையோ நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்கின்றன. ரிம்மின் இருபுறமும் இரண்டு நீளமான கைகள், அவற்றை மேலே இழுக்கும் ஒரு கேபிள், அவ்வளவுதான். பழையதாக வாங்கியபோது அதில் வார்த்து ஒட்டிய ஒரே துண்டுக் கட்டைகள் இருந்தன. தேய்ந்தால் போல்ட்டோடு மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியவை. நான் கூடு வைத்த கட்டைக்கு மாறிவிட்டேன். கூடு பிரேக்கிலேயே இருக்கும். ஒரு சின்ன ஊசியை உருவினால் ரப்பர் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அடுத்த முறையிலிருந்து ரப்பரை மட்டும் வாங்கினால் போதும், கூட்டோடு வாங்குவதைவிட மலிவு. ரிம்முக்கு நேராகக் கட்டையை வைத்துத் திரும்பத் திரும்ப முடுக்கும் வேலையும் இல்லை. வி-பிரேக் ரப்பர் ஏறக்குறைய 70 மி.மீ. நீளம். வளைந்த கைப்பிடி வைத்த ரேஸ் சைக்கிள்களுக்கானது 55 மி.மீ. அளவில் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கூட்டின் திறந்த வாய் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். முன்பக்கம் பார்த்திருந்தால் பிரேக் பிடிக்கிற வேகத்தில் ரிம்மே ரப்பரை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ரப்பரில் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறேன். கூல்-ஸ்டாப் நிறுவனம் செய்யும், சால்மன் மீன் நிறத்தில் இருக்கும் கட்டை அது. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிறது, ரிம்மையும் அவ்வளவாகத் தின்பதில்லை. இரண்டு சக்கரத்துக்கும் வாங்கப் பணம் இல்லாத மாதத்தில் முன்சக்கரத்துக்கு மட்டும் வாங்குவேன். பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்னால் சாய்வதால், சைக்கிளை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குடையதுதான். "மழையில் முன்கூட்டியே பிடி" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே, அந்த இரும்பு ரிம்முக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். நனைந்த இரும்பில் ரப்பர் பிடிக்கவே பிடிக்காது. என்னுடையது அலுமினிய ரிம், எவ்வளவோ தேவலாம். ஆனாலும் இறக்கத்தில் உங்கள் சொல்படிதான் நடக்கிறேன்.

கட்டை வாங்கும் முன் பழையதை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது என் வழக்கம். பிடிக்காத கட்டைகளில் பல தேய்ந்தவை அல்ல, மேல்பக்கம் இறுகிக் கண்ணாடி போல வழவழப்பானவை. உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் உயிர் வந்துவிடும். ரப்பரில் சின்னச் சின்ன அலுமினியத் துணுக்குகள் புதைந்திருக்கும். ஊசி முனையால் நெம்பி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை ரிம்மைக் கீறும். ரிம்மில் தேய்மானம் காட்டும் பள்ளமோ புள்ளியோ இருந்தால் அதையும் பார்க்கிறேன். அது மறைந்துவிட்டால் மாற்ற வேண்டியது ரிம். அங்கே மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது, பக்கச்சுவர் மெலிந்த ரிம் ஓடும்போதே வெடித்துவிடும்.

கேபிளைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்ல வேண்டும், அப்பா. என்னைக் கேட்டால், குறைந்த காசில் பிரேக்கைப் புதிது போல ஆக்குவது கேபிள்தான். எங்கள் அறையில் இருப்பவர்கள் "பிரேக் போய்விட்டது" என்று கொண்டுவரும் சைக்கிள்களில் பெரும்பாலும் கட்டையில் குறை இருக்காது, கேபிள்தான் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். லீவரைப் பிடித்தால் இழுக்கும், விட்டால் திரும்பி வராது. பிரேக்கின் உள்கம்பி 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிமன்; கியர் கம்பி 1.2 மி.மீ. நேரான கைப்பிடி லீவருக்குக் கம்பியின் தலை சின்ன உருளையாக இருக்கும், வளைந்த கைப்பிடிக்குப் பேரிக்காய் வடிவம். இரண்டு முனையிலும் இரண்டு வகைத் தலை வைத்த கம்பியும் விற்கிறார்கள். வேண்டாத தலையை வெட்டிவிட்டு மாட்டிக்கொள்ளலாம், விலையும் குறைவு. உப்புச் சாலைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் சரி. அழகான பாக்கெட்டில் தொங்கும் கேபிளை விட்டுவிட்டு, கடைக்காரர்கள் தங்கள் வேலைக்காக நூறு நூறாகப் பெட்டியில் வாங்கி வைத்திருப்பதில் ஒன்றைக் கேட்டு வாங்குகிறேன். பெரும்பாலும் தருகிறார்கள், சரக்கும் நன்றாகவே இருக்கிறது.

வெளி உறையில் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறேன். பிரேக் உறை 5 மி.மீ., உள்ளே கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் உறை 4 மி.மீ., அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். வீட்டில் மிச்சம் கிடக்கிறதே என்று பிரேக்குக்குக் கியர் உறையைப் போட்டால், அவசரத்தில் இறுக்கிப் பிடிக்கும்போது அது பிளந்துகொள்ளக்கூடும். அடுத்த அறைப் பையன் ஒருவன் அப்படி மாட்டப் போனான். பிடுங்கி எடுத்துவிட்டு என்னிடமிருந்த துண்டைக் கொடுத்தேன். கம்பி பிரிகிறதா என்று எல்லோரும் பிரேக் பக்கத்து முனையைப் பார்க்கிறார்கள். ஆனால் அது அறுந்துபோவது பெரும்பாலும் லீவருக்குள், தலைக்கு ஒட்டினாற்போல. மாதம் ஒருமுறை லீவரை முழுதாகப் பிடித்து உள்ளே பார்த்துவிடுகிறேன்.

லீவர் உடைந்தால் மட்டும் மலிவு என்று கிடைத்ததை வாங்க முடியாது. வி-பிரேக்கின் கைகள் நீளம் என்பதால் அதன் லீவர் கேபிளை அதிகம் இழுக்கும். ரேஸ் சைக்கிளில் இருக்கும் காலிப்பர் பிரேக்குக்குக் கொஞ்சம் இழுத்தால் போதும். காலிப்பர் லீவரை வி-பிரேக்குக்குப் போட்டால் கட்டை ரிம்மை அழுத்தும் முன்பே லீவர் கைப்பிடியில் முட்டி நின்றுவிடும். வி-பிரேக் லீவரைக் காலிப்பருக்குப் போட்டால் லீவர் கல் போல இருக்கும், சைக்கிள் நிற்காது.

அறை நண்பர் ஒருவருடைய சைக்கிளில் டிஸ்க் பிரேக். அதற்குப் பேட், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை, வாங்குவதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். பேடின் வடிவம் பிரேக்குக்குப் பிரேக் மாறும். பழைய பேடைக் கையோடு எடுத்துப் போவதே உத்தமம். ஷிமானோவின் பி01எஸ் வடிவம் ஆரம்ப விலைப் பிரேக்குகள் பலவற்றில் இருப்பதால், அதே வடிவத்தில் மற்ற நிறுவனங்களும் குறைந்த விலையில் செய்கின்றன. ஆனால் டிஸ்க்கின் மேல் 'ரெசின் பேட் ஒன்லி' (பிசின் கலவைப் பேட் மட்டும்) என்று அச்சடித்திருந்தால் உலோகப் பேடைப் போடக்கூடாது. பேட் அதிக நாள் உழைக்கும் என்ற ஆசையில் போட்டால் டிஸ்க் தேய்ந்துவிடும். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5-க்கு வந்தால் மாற்றச் சொல்கிறார்கள், பேடில் 0.5 மி.மீ.தான் மிச்சம் என்றால் அதையும் மாற்ற வேண்டும். எண்ணெயில் ஓடும் பிரேக் என்றால் எண்ணெய் வகையிலும் கவனம் வேண்டும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் நிறுவனத்தின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள் கெட்டுவிடும். பல பிரேக்குகளுக்கு அந்தச் சீல் தனியாகக் கிடைப்பதில்லை, லீவரையே முழுதாக மாற்ற வேண்டிவரும். பராமரிக்கச் செலவு குறைந்த சைக்கிள் வேண்டும் என்று யார் கேட்டாலும் கேபிள் பிரேக் உள்ளதையே வாங்கச் சொல்கிறேன்.

பாகத்தின் எண்ணை எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகு தேடல் சுலபமாகிவிட்டது. பிரேக்கின் பின்பக்கமோ லீவரின் அடிப்பக்கமோ அழுக்கைத் துடைத்தால் எழுத்துகள் தெரியும். ஷிமானோவில் பிரேக்குக்கு 'பிஆர்', லீவருக்கு 'பிஎல்' என்று தொடங்கும். அந்த எண்ணுக்குரிய, பாகம் பாகமாகப் பிரித்துக் காட்டும் படத்தை நிறுவனமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் ஸ்பிரிங் முதல் திருகுவரை பலவற்றுக்குத் தனி எண் உண்டு. அதைச் சொல்லியே கேட்கலாம். வி-பிரேக்கில் கேபிள் வளைந்து வரும் குழாய் ஒன்று கெட்டதற்கு முழு பிரேக்கை மாற்றச் சொன்னார்கள். குழாயை மட்டும் தனியாக வாங்கி மாட்டினேன். இன்றும் ஓடுகிறது.

பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பாகங்களாகக் கொடுக்கும் பட்டறைக்கும் போவதுண்டு. பிரேக் கை, லீவர், வாஷர், நட் எல்லாம் அங்கே எடுப்பேன், வளைந்திருக்கிறதா விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு. கம்பியையும் கட்டையையும் ஒருபோதும் பழையதாக எடுப்பதில்லை. எத்தனை முறை வளைந்த கம்பி, எவ்வளவு எண்ணெய் குடித்த ரப்பர் என்று கண்ணால் சொல்ல முடியாது.

தம்பியின் சைக்கிளில் பின்பிரேக் இழுத்தால் திரும்பி வருவதில்லை என்று அம்மா சொன்னார்கள். கேபிளைப் பிரேக் கையிலிருந்து கழற்றிவிட்டுக் கையால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தடங்கலோடு ஓடினால் குறை கேபிளில். வழுக்கி ஓடினால் பிரேக் கை சுழலும் ஆணியில் துரு, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். லீவரின் அடியில் உள்ள எண்ணையும் கம்பியின் தலையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த மாதம் இங்கிருந்து ஒருவர் ஊருக்கு வருகிறார். உள்கம்பியும் உறையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதுவரை அந்தச் சைக்கிளை அவன் எடுக்க வேண்டாம்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்