நம் ஊர்க் கல்லும் பாடத்தில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்ற நான், இப்போது இணையம் வழி அடிப்படை நிலவியல் படிக்கிறேன். பாடம் நன்றாகத்தான் போகிறது. ஆனால் உதாரணத்துக்கு எப்போதும் ஹவாய் எரிமலைதான். இங்கே மலேசியாவில், ஈப்போ நகரைச் சுற்றிப் பக்கத்தில் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு எங்கேயும் வருவதில்லை.

பாடத்தில் சொன்னபடி, சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றைப் பொடித்துச் சமையல் காடியை (வினிகரை) ஊற்றினேன். பொடி நுரைத்துப் பொங்கியது. சாலைக்குப் போடும் கருங்கல்லில் ஊற்றினால் சும்மா நனைகிறது, அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் என்ற கனிமம், அமிலம் பட்டால் கரைந்து கரியமில வாயுவை விடும். மழைநீரிலும் லேசான அமிலம் உண்டு. ஈப்போ வட்டாரக் குகைகள் அப்படிக் கரைந்து உண்டானவைதான். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலுக்குப் போகிறவர்கள் காவடியோடு மலையையும் கொஞ்சம் பார்க்கலாமே! 1973-இல் அந்த மலையின் பாறை சரிந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உங்கள் மாணவர் பகுதியில் வாரம் ஒரு கல்லைப் பற்றித் தமிழில் எழுதுங்கள். முதலில் சுண்ணாம்புக்கல், அப்புறம் ஈயக்கல் (வெள்ளீயத் தாது). படம் வேண்டுமென்றால் எடுத்து அனுப்ப நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்