போரைக் காட்டுகிறீர்கள், வரியைக் காட்டுவதில்லை: தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2025 தீபாவளி முடிந்த அதே வாரம், உக்ரைன் போரைக் காரணம் காட்டி, ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட், லுக்ஆயில் எண்ணெய் நிறுவனங்கள்மீது அமெரிக்கா தடை போட்டது. அதையொட்டி உங்களில் ஒருவர் நடத்திய இரவு விவாதத்தை நானும் பார்த்தேன். பேசியவர்களுக்குப் பின்னால் ஏவுகணை பறந்துகொண்டே இருந்தது. பெட்ரோல் எவ்வளவு ஏறும், சமையல் எண்ணெய் எவ்வளவு ஏறும், சிலிண்டர் எவ்வளவு ஏறும் என்று ஏலத்தில் கேட்பதுபோல ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். கீழே சிவப்புப் பட்டையில் 'எகிறப் போகிறது விலைவாசி' என்று ஓடியது. மறுநாள் காலை நான் எண்ணெய் வாங்கும் மொத்தக் கடையில் பாமாயில் டின்னுக்கு 60 ரூபாய் கூடியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "டிவியிலேயே சொல்லிட்டாங்களேக்கா" என்றார் கடைக்காரர்.

பாமாயில் ரஷ்யாவிலிருந்து வருவதில்லை. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அந்த டின் தடை அறிவிப்புக்கு முன்பே கடைக்கு வந்து அடுக்கி வைத்த டின். இதை நான் அவரிடம் சொன்னேன், அவர் சிரித்தார். அவருக்கும் தெரியும். ஆனால் உங்கள் திரை அவருக்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். விலையைப் பற்றிச் செய்தி போடும்போதெல்லாம், அந்த விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்ற கணக்கையும் திரையில் போடுங்கள். சரக்கின் விலை எவ்வளவு, மத்திய அரசின் வரி எவ்வளவு, மாநில அரசின் வரி எவ்வளவு, விற்பவரின் கமிஷன் எவ்வளவு. நாலே வரி. ஏவுகணைப் படம் போடும் இடத்தில் பாதி போதும்.

பெட்ரோலையே எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபரில் சென்னையில் லிட்டர் சுமார் 100 ரூபாய் 80 காசு. இதில் மத்திய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 காசு. தமிழக அரசு 13 சதவீதமும் அதற்கு மேல் 11 ரூபாய் 52 காசும் மதிப்புக் கூட்டு வரியாக எடுத்தது. கூட்டிப் பார்த்தால் அதுவும் ஏறத்தாழ அதே தொகைதான் வந்தது. ஆக நான் கொடுத்த நூறில் நாற்பதுக்கு மேல் வரி. இதில் உக்ரைன் எங்கே இருக்கிறது?

போர் விலையை ஏற்றவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபின் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது உண்மை. ஆனால் 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 22 வரை நம் ஊர் பங்க்கில் பெட்ரோல் விலை அசையவே இல்லை. தினமும் விலையை மாற்றும் முறை 2017 ஜூனிலேயே வந்துவிட்டது. இருந்தும் நாலரை மாதம் அசையவில்லை. நடுவில் உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் நடந்தது. மார்ச் 10 அன்று முடிவு வந்தது. 22ஆம் தேதி முதல் நாளுக்கு 80 காசு வரை என்று ஏறத் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏறத்தாழ பத்து ரூபாய் ஏறிவிட்டது. போர் தொடங்கிய செய்தி பங்க் வரைக்கும் வந்து சேர ஒரு மாதம் ஆகியிருக்கிறது பாருங்கள். அப்போதும் நீங்கள் வரைபடத்தில் கீவ் நகரத்தைத்தான் வட்டம் போட்டுக் காட்டினீர்கள்.

அப்புறம் ரஷ்யாவிடம் மலிவாக எண்ணெய் வாங்குகிறோம் என்ற செய்தி வந்தது. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்ய எண்ணெய் இரண்டு சதவீதம்கூட இல்லை. பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. மேற்கு நாடுகளின் மிரட்டலுக்குப் பணியாத வெளியுறவுக் கொள்கை என்று நீங்களும் பாராட்டினீர்கள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் 2022 மே 22 முதல் 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசிலேயே நின்றது. உலகச் சந்தையில் விலை இறங்கிய மாதங்களிலும் அங்கேயே நின்றது. மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்தினம் இரண்டு ரூபாய் குறைந்தது. அந்த 2023-24 நிதியாண்டில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் காட்டின. 2022-23 நிதியாண்டின் முதல் பாதியில் அவற்றுக்கு நஷ்டம் வந்தது, அதை ஈடுகட்ட வேண்டியிருந்தது என்பார்கள். சரி, அதையும் திரையில் போடுங்கள். எங்களுக்குக் கணக்கு புரியும். கணக்கு எங்கள் தொழிலிலும் உண்டு.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். மாலையில் பஜ்ஜி, வடை, போண்டா. வருபவர்களில் பாதிப் பேர் லேத் பட்டறையிலிருந்தும் அச்சகங்களிலிருந்தும் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள். ஒடிசா, பீகார் பையன்கள் நிறைய. இரவுக் காவலுக்குப் போகிற வயதானவர்கள் சிலர், இரண்டு வடையும் ஒரு டீயும்தான் அவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு. பத்து ரூபாய் வடையைப் பன்னிரண்டு ஆக்கினால் அவர்கள் ஒரு வடையோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைக் கண்ணால் பார்த்தபின் விலையைக் கூட்ட மனசு வராது, வியாபாரமும் இடம் கொடுக்காது. அதனால் வடைதான் சிறுக்கிறது. நடுவில் உள்ள ஓட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. ஒரு பையன் கேட்டான், "அக்கா, வடையை வாங்கினா ஓட்டை இலவசமா?" என்று. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எண்ணெய்ப் பலகாரக் கடைகளில் இன்னொரு வழி உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். நேற்றைய எண்ணெயை வடிகட்டி இன்றைக்கும் ஊற்றுவது, கறுத்தாலும் மேலே புதுசு கொஞ்சம் சேர்த்துக்கொள்வது. பக்கத்துக் கடைகளில் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், நான் செய்வதில்லை. செய்யாததன் விலை மாதக் கடைசியில் தெரிகிறது. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு ஒன்றாம் தேதி தர வேண்டியதை ஐந்தாம் தேதி தருகிறேன். அவர் முகத்தைப் பார்த்து "உக்ரைனில் சண்டைம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களால் மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

சமையல் எண்ணெய்க்கும் இதே கதைதான். 2022 வசந்தத்தில் விலை ஏறியபோது போர் என்றீர்கள். போர் ஒரு காரணம், சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அப்போது உக்ரைனிலிருந்துதான் வந்தது. ஆனால் அந்த ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது, மே 23 வரை. என் வாணலியில் இருந்தது அந்த எண்ணெய். அதை உங்களில் எத்தனை பேர் சொன்னீர்கள்? ஜகார்த்தாவில் ஏவுகணை பறக்கவில்லை, அதனால் படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

2024 செப்டம்பரில் விலை ஏறியதற்கு எந்தப் புதுப் போரும் காரணம் இல்லை. அந்த மாதம் 14ஆம் தேதி மத்திய அரசு கச்சா சமையல் எண்ணெய்மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக்கியது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75 என்பது 35.75 ஆனது. எண்ணெய்வித்து விவசாயிகளுக்கு விலை கிடைக்க வேண்டும் என்றது அரசு. கிடைக்கட்டும், கிடைக்க வேண்டியதுதான். சோயா விளையும் மகாராஷ்டிரத்தில் நவம்பரில் தேர்தல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னால் கதை முழுமையாக இருக்கும். பழைய வரியில் வந்த சரக்கு சுமார் 30 லட்சம் டன் கையிருப்பு இருக்கிறது, அது தீரும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று அரசே வியாபாரிகளைக் கேட்டுக்கொண்டது. யாரும் கேட்கவில்லை. 2025 மே 30 அன்று கச்சா சமையல் எண்ணெய் வரி 16.5 ஆகக் குறைந்தது. குறைத்த பின்னும் பழையதைப்போல மூன்று மடங்கு. நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அப்படியென்றால் இந்த வரி யார் வாணலியில் விழும் என்று ஒரு விவாதம் வைத்திருக்கலாம்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்ததை மட்டும் திருவிழாவாக நாள் முழுக்கக் காட்டினீர்கள். சமையல் எண்ணெய்க்கு முன்பும் ஐந்து சதவீதம், இப்போதும் ஐந்து. பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவே இல்லை. இதையும் அந்தத் திருவிழாவில் ஓர் ஓரமாகப் போட்டிருந்தால் நானும் பூ வைத்துக்கொண்டு வந்திருப்பேன்.

போர்ச் செய்தி என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது ஓர் இரவு முழுக்க கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று தேசியத் தொலைக்காட்சிகள் பல கத்தின. காலையில் துறைமுகம் இருந்த இடத்தில் இருந்தது. நிகழ்ச்சிகளில் அபாயச் சங்கை ஒலிக்காதீர்கள் என்று அரசே அறிவுரை சொல்ல வேண்டி வந்தது. அதற்கும் முன்னால், நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. 2009 ஏப்ரல் 27 அன்று முதலமைச்சர் கருணாநிதி மெரினாவில் உண்ணாவிரதம் இருந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று இலங்கை அரசு அறிவித்ததும் முடித்துக்கொண்டார். போர் நின்றது என்று நம்ப வைக்கும் வகையில் செய்திகள் வந்தன. முல்லைத்தீவில் குண்டு விழுவது நிற்கவில்லை. அந்த இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. அரசு சொல்வதை அப்படியே வாசித்தால் என்ன ஆகும் என்று நம் ஊருக்கு வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் ரஷ்யா சொல்வதையோ அமெரிக்கா சொல்வதையோ டெல்லி சொல்வதையோ நீங்கள் அப்படியே வாசிக்கும்போது எரிச்சல் வருகிறது.

டெல்லியை மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டையை விட்டால் நியாயம் இல்லை. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக பெட்ரோலுக்கு ஐந்து ரூபாய், டீசலுக்கு நாலு ரூபாய், சிலிண்டருக்கு நூறு ரூபாய் என்று சொன்னது. ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தார்கள், நன்றி. மிச்சம் எங்கே என்று கேட்டால் மத்திய அரசைக் கைகாட்டினார்கள். மத்திய அரசின் 21.90-ல் மாநிலங்களோடு பங்கு போட வேண்டியிருந்தது 1 ரூபாய் 40 காசு மட்டும்தான், மற்றதெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்று தனியாகப் போனது என்பதும் உண்மைதான். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு பாதியையும் ஒரே திரையில் சேர்த்துக் காட்டுவதற்குத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்?

இன்னொன்று. மலிவு ரஷ்ய எண்ணெயின் லாபம் என் கடைக்கு வரவில்லை. ஆனால் அந்த எண்ணெயை வாங்கியதற்குத் தண்டனை என்று அமெரிக்கா போட்ட கூடுதல் 25 சதவீத வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் திருப்பூருக்கு வந்தது. அப்போது மொத்தம் 50 சதவீதம் ஆனது. பனியன் கம்பெனியில் தைக்கிறவர் என்ன பெட்ரோலா சுத்திகரித்து விற்றார்? லாபத்துக்கு ஒரு முகவரி, தண்டனைக்கு வேறு முகவரி. இதை வைத்து ஒரு மணி நேரம் விவாதம் நடத்துங்கள், நான் கடையை அடைத்துவிட்டு வந்து பார்க்கிறேன்.

கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ, மன்னிக்கவும். உங்கள் செய்தியாளர்கள் வெயிலிலும் வெள்ளத்திலும் நிற்பதைப் பார்க்கிறேன், அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஸ்டுடியோவில் இருந்து முடிவெடுக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன். பெட்ரோல், டீசல் விலைக்குள் என்ன இருக்கிறது என்பதை எண்ணெய் நிறுவனங்களே வெளியிடுகின்றன. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழுள்ள திட்டமிடல், பகுப்பாய்வுப் பிரிவிலும் கிடைக்கிறது. இறக்குமதி வரி அறிவிப்புகளும் பொதுவில்தான் இருக்கின்றன. ஓர் உதவி ஆசிரியருக்கு அரை மணி நேர வேலை.

வருகிற ஒன்றாம் தேதி காலை கமர்ஷியல் சிலிண்டர் விலை மாறும். வழக்கம்போல நீங்கள் பிரேக்கிங் போடுவீர்கள். அன்றைக்கே தொடங்குங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். ஏறினாலும் போடுங்கள், இறங்கினாலும் போடுங்கள், உலகச் சந்தையில் இறங்கியும் இங்கே இறங்காத மாதங்களில் கட்டாயம் போடுங்கள். நாலு வரி. வரிக்குப் பக்கத்தில் அதைப் போட்டவர் பெயரும் தேதியும் இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அம்பத்தூர் எஸ்டேட் பகுதியில் பஜ்ஜிக் கடை நடத்தும் ஒரு நேயர்
சென்னை