வாய்க்கால் பாசன விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. மதகுக் கதவுக்கு கிரீஸ் போட்டாயிற்று. பொங்கலுக்கு மடைக்காவலருக்கு வேட்டி, துண்டு கொடுத்தாயிற்று. பொதுக்குழுவுக்கு வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம்.

வாய்க்கால் தலைப்பில், அதாவது ஆற்றிலிருந்து தண்ணீர் நுழையும் இடத்தில், மணலைப் பிடிக்க வெட்டிய தொட்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கப் பணத்தைக் குழியில் போட்டுவிட்டதாக வராதவர்கள்தான் டீக்கடையில் பேசுகிறார்கள். மேட்டூர் அணை 1934-ல் வந்தபின் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறதே, அப்புறம் நம் வாய்க்காலில் மண் ஏது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அணைக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி எல்லாம் காவிரியில் சேர்கின்றன, மழை பெய்தால் அந்தப் பக்கத்து மண்ணும் சேர்ந்துதான் வரும். அணையில் வண்டலை இறக்கிவிட்டுத் தெளிந்து வரும் தண்ணீரும் சும்மா வராது, படுகையையும் கரையையும் அரித்துக்கொண்டு வரும்.

நம் மதகோ காவிரியின் கிளையான வெண்ணாற்று வளைவில் உட்கரையில் இருக்கிறது. வளைவில் மேல்தண்ணீர் வெளிக்கரையில் போய் மோதும், அடித்தண்ணீர் மணலை உருட்டிக்கொண்டு உட்கரைக்கு வரும். எதிர்க்கரை இடிவதும் நம் பக்கம் திட்டு விழுவதும் இதனால்தான். மதகை இடம் மாற்றுவது நம் கையில் இல்லை. ஆகவே தலைப்பில் வாய்க்காலை அகலமாக, ஆழமாக வெட்டினோம். அங்கே வேகம் குறைந்தால் மணல் விழுந்துவிடும். ஆடிப்பெருக்கு சமயம் மதகடியில் ஒரு பாட்டில், தொட்டிக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு திண்ணையில் வைத்தேன். முதலாவதில் மணல் கண்முன்னே அடியில் உட்கார்ந்தது. இரண்டாவதில் மணல் என்று சொல்லும்படி இல்லை, களி மட்டும் மறுநாளும் கலங்கலாக நின்றது. அந்தக் களி வயலுக்குப் போகட்டும், பயிருக்கு நல்லது. தலைப்பில் வாய்க்காலுக்குள் மணல் விழுந்து மேடாவதால்தான் கடைமடை காய்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது, நோட்டு பொருளாளரிடம் பார்க்கலாம். ஏக்கர் வரி பாக்கிதான் பெரிது. தண்ணீரை முதலில் எடுக்கும் தலைமடைக்காரர்களில் பலர் கட்டவில்லை, கடைசியாக எடுக்கும் கடைமடைக்காரர்கள் கட்டிவிட்டார்கள். இது நியாயமா என்று தலைமடைக்காரர்களே சொல்லட்டும்.

வாடகையைக் குறைத்துக்கொண்ட பொக்லைன்காரருக்கும், நேரத்துக்கு மதகு திறந்த பாசன உதவியாளருக்கும் நன்றி.

தொட்டி இப்போது நிரம்பிக் கிடக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னால் அள்ளாவிட்டால் புதிதாக வரும் மணல் அதைத் தாண்டி நேரே உள்ளே போய்விடும். அள்ளுவதற்கு அனுமதி கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். புது வசூல் எதுவும் வேண்டாம், பழைய பாக்கி வந்தாலே வேலை முடியும். இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்வதானால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். நானே தொடர வேண்டுமென்றால் சித்திரைக்குள் பாக்கியைக் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்