புவியியல் துணைக் கையேட்டின் பனிக்கட்டியாறு பற்றிய பகுதியைத் திருத்தித் தருமாறு கோரும் மனு

செயலாளர் அவர்கள்,
மாகாணக் கல்வி அமைச்சு,
மத்திய மாகாணம்.

பாடசாலை அதிபர் ஊடாக

மதிப்பிற்குரிய ஐயா,

ஹட்டன் கல்வி வலயத்தில் தமிழ்மொழி மூல க.பொ.த. உயர்தர வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுள் ஒருவனாகிய நான், எமது மாணவர் கைகளில் புழங்கும் தமிழ்த் துணைக் கையேடு ஒன்றிலுள்ள பாரதூரமான பிழையொன்றைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவந்து, அதனைத் திருத்துவதற்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தேயிலை மலைகளில் கிடக்கும் பெரும் உருண்டைப் பாறைகளையும், பாறை முகங்களில் தெரியும் கீறல்களையும் பண்டைய பனிக்கட்டியாறுகள் (மெதுவாக நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்கள்) விட்டுச்சென்ற சான்றுகள் என அக்கையேடு கூறுகிறது. கடந்த தவணையில் மாணவியொருத்தி, தனது லயத்துக்கு மேலேயுள்ள வீதியோரத்தில் மண் சரிந்த இடத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து, “இது பனிக்கட்டியாறு கீறியதுதானே சேர்?” என்று கேட்டாள். கல்லின் ஒரு முகம் பளபளப்பாக இருந்தது. கீறல்கள் யாவும் ஒரே திசையில் ஓடின. விரலால் ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கியது, மறுபக்கமாகத் தடவினால் மிகச் சிறிய படிகள் தடுத்தன. பிளவொன்றின் இரு பக்கப் பாறைகளும் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகர்ந்தபோது ஏற்பட்ட அடையாளம் அது. பனிக்கட்டிக்குள் சிக்கிய கல்லோ உருண்டும் திரும்பியும் செல்வதால், தட்டையாகத் தேய்ந்த பல முகங்களையும், அவற்றில் வெவ்வேறு திசைகளில் குறுக்கிடும் கீறல்களையும் பெறுவது வழக்கம். அவ்வளவு கவனமாகப் பார்த்த பிள்ளைக்கு எமது கையேடு பிழையான விடையைக் கொடுத்திருந்தது என்பதே எனது மனவருத்தம்.

உருண்டைப் பாறைகளின் விடயமும் இவ்வாறானதே. எந்த வீதி வெட்டிலும் இதனைக் கண்ணால் காணலாம். பாறைக்குள் ஓடும் வரிகளும் செந்நிறக் கார்னட் மணிகளின் நிரைகளும், அதனைச் சூழ்ந்துள்ள உக்கிய செம்மண்ணுக்குள்ளும் அதே சாய்வில் தொடர்கின்றன. வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கல்லில் இத்தகைய தொடர்ச்சி இருக்க முடியாது. வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக வானிலையாலழிந்த பின் எஞ்சிய உட்கருவே அந்த உருண்டை. மழை மிகுந்த எமது மலைகளில் வேறு விளக்கம் தேவையில்லை.

பனிக்கட்டியாற்றுச் சான்றுகளை நான் மறுப்பதாகத் தாங்கள் கருதலாகாது. அவை இருக்கும் இடத்தில் வைத்துக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். ஒடிசாவின் தால்சேரில் 1856இல் இனங்காணப்பட்ட அறைபாறைப் படிவு (பெரும் கற்கள் கலந்த படிவு), ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கொண்டுவானா என்ற பண்டைய பெருங்கண்டத்தின் மீது பனிக்கட்டி படர்ந்திருந்ததைக் காட்டுகிறது. அப்படிவு பெரிதும் மடிந்து நசுங்காததால் அதனை வாசிப்பது ஓரளவு எளிது. மடிந்து நசுங்கிய மலைத்தொடர்களில்தான் உண்மையான சிக்கல் எழுகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் சோலன், சிம்லாப் பகுதிகளிலுள்ள பிளைனிப் படிவில் பல வகைக் கற்கள் நுண்ணிய களிக்குள் கலந்து கிடக்கின்றன; இமயம் எழுந்தபோது அவையும் நெரிபட்டன. நெரிபட்ட பாறையில் கெட்டியான எந்தக் கல்லைச் சுற்றியும் மென்படைகள் இரு புறமும் வளைந்து நிற்கும். மிதக்கும் பனிக்கட்டியிலிருந்து கடலடியில் விழுந்த கல்லோ கீழ்ப்படைகளை மட்டும் குத்தி வளைத்திருக்கும். மேற்படைகள் பின்னர் அதன்மீது போர்வைபோல் படிந்திருக்கும். கடலடிச் சரிவுகளும் இத்தகைய கலவைப் படிவுகளை உண்டாக்கும் ஆதலால், பிளைனியைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். அதன்மேல் மெல்லியதாகப் படிந்துள்ள இளஞ்சிவப்பு டோலமைற்றுப் (சுண்ணக்கல்லை ஒத்த பாறை) படையைப் போன்ற படைகள் ஏனைய கண்டங்களிலும் சுமார் 63 கோடி ஆண்டு வயதுடைய பனிக்கட்டியாற்றுப் படிவுகளின்மேல் காணப்படுவது, வாதத்தைப் பனிக்கட்டியின் பக்கம் சாய்த்த முக்கியமான சான்றுகளுள் ஒன்று. எந்தவொரு தனி அடையாளத்தையும் நம்பாமல் பலவற்றைச் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் இம்முறையையே பிள்ளைகள் கற்க வேண்டும்.

எமது மலையகப் பாறைகளோ அதனினும் கடுமையான அனுபவம் கொண்டவை. உயர்நிலத் தொகுதி எனப்படும் இப்பாறைகள், ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தடியில் 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 800 பாகை செல்சியசுக்கும் அதிகமான வெப்பத்தில் மடிந்து மீள்படிகமானவை. அந்த வெப்பத்தைக் கடந்த பாறையில் கூழாங்கல்லின் கீறலைத் தேடுவது வீண். அண்மைக்காலப் பனிக்கட்டியும் இங்கே வந்ததில்லை. 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலையில்கூட அதற்குச் சான்றில்லை. ஆயினும் கடைசிப் பனியுகத்தின் சுவடு எமது மாகாணத்திலேயே உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் முற்றாநிலக்கரிச் சேற்றில் (அரைகுறையாக உக்கிய தாவரங்களாலான சேறு) சுமார் 24,000 ஆண்டுகளாகச் சேர்ந்த மகரந்தம், அந்தப் பனியுகத்தின்போது இம்மலைகள் இன்றைவிட வரண்டிருந்ததை உணர்த்துகிறது. கையேடு இதனைப் பற்றி ஒரு வரியேனும் எழுதாதது பெருங்குறை.

ஆகவே, குறித்த பக்கங்களைப் பரீட்சைக்கான ஆதாரமாகக் கொள்ள வேண்டாம் எனப் பாடசாலைகளுக்குச் சுற்றுநிருபம் அனுப்புமாறும், பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறையினதும், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தினதும் ஆலோசனையுடன் தமிழில் திருத்திய பக்கங்களை வெளியிடுமாறும் வேண்டுகிறேன். மொழிபெயர்ப்போடு நிற்காமல், வீதி வெட்டுகளின் படங்களும் தால்சேர், பிளைனிப் பாறைகளின் படங்களும் அதில் இடம்பெற வேண்டும். மேலும், தமிழ்மொழி மூலப் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் களப்பயிற்சி அளித்தால் பேருதவியாகும். பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளுக்குத் தொலைதூரப் பயணம் கைக்கெட்டாதது. ஆனால் பார்க்க வேண்டிய பாறைகள் பாடசாலை வாசலிலேயே நிற்கின்றன.

திருத்திய பக்கங்களின் முதல் வரைவை ஊதியமின்றி எழுதித் தர நான் ஆயத்தமாக உள்ளேன். மாணவி கொண்டுவந்த கல் எமது வகுப்பறை அலுமாரியில் உள்ளது. தாங்கள் நாள் குறித்தால், அவளது பெற்றோரின் சம்மதத்துடன் அவளையும் அழைத்துக்கொண்டு, அதனை நேரில் கொண்டுவந்து காண்பிப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
புவியியல் ஆசிரியர்,
ஹட்டன் கல்வி வலயம்.