பார்ட்டிஷன் கருவிக்குப் புது முகம் கொடுப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மென்பொருளின் தோற்றத்தை மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தாலே, புதிதாக வருபவருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் எனக்குச் சண்டை எதுவும் கிடையாது. ஆனால் கணினி பழுது பார்ப்பது என் தொழில். ஹார்ட் டிஸ்கைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் கருவிகளோடு நாள் முழுக்கப் புழங்குகிறவன். அவற்றை மறுவடிவமைப்பவர்களிடம் பழைய ஆட்கள் சார்பில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவியில் புதியவர் அவ்வளவு சுலபத்தில் மாட்டிக்கொள்ள மாட்டார். டேட்டா போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படிப்பார். பழகிய ஆள் எதையும் படிப்பதில்லை. ரைட் கிளிக், டெலிட், ஓகே என்று கை தன்போக்கில் போகும். புதுத் தோற்றம் வந்தால் அடிபடுவது அந்தக் கைதான்.

அந்தக் கைக்கு முக்கியமாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: நாம் சொன்னது டிஸ்கில் எப்போது நிஜமாகவே நடக்கும் என்பது. லினக்ஸ்காரர்கள் புழங்கும் ஜிபார்ட்டெட் கருவியில் ஒரு பார்ட்டிஷனை டெலிட் செய்தால் அந்த நேரத்தில் எதுவும் நடப்பதில்லை. செய்யவேண்டிய வேலைகளின் வரிசையில் அது கீழே போய் நிற்கும். அளவு குறைப்பது, நகர்த்துவது எல்லாம் அப்படித்தான். பச்சை டிக் பட்டனை அழுத்தி, அடுத்து வரும் கேள்விக்கும் சம்மதம் சொன்ன பிறகுதான் டிஸ்கில் கை வைக்கும். அதனால் அதில் பழகியவர்கள் தைரியமாக டெலிட் செய்து, இதை எடுத்தால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கன்ட்ரோல் இசட் அடித்துத் திரும்பிவிடுவார்கள். எழுத்தாக அடித்து வேலை வாங்கும் எஃப்டிஸ்க் கட்டளைக்கும் இதே குணம். டபிள்யூ அடிக்கும்வரை எல்லாம் நினைவகத்தில்தான் இருக்கும். க்யூ அடித்து ஒன்றும் நடக்காததுபோல் வெளியே வந்துவிடலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வேறு ரகம். டெலிட் வால்யூம் கொடுத்து எச்சரிக்கைக்கு எஸ் சொன்னால் அந்தக் கணமே பார்ட்டிஷன் போய்விடும். இரண்டு முறைகளிலும் தப்பில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தமில்லாமல் தாவுவதுதான் தப்பு. (ஜிபார்ட்டெட்டிலேயே புதிய பார்ட்டிஷன் டேபிள், அதாவது எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற பட்டியல், போடுவது மட்டும் வரிசையில் நிற்காமல் உடனே நடக்கிறது. அதை யாராவது வரிசைக்குள் கொண்டுவந்தால் முதலில் கை தட்டுபவன் நானாக இருப்பேன்.)

அப்படித் தாவிய ஒரு கருவியால் ஒருவர் தன் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஐகான்கள் எல்லாம் அழகாக மாறியிருந்தன. டெலிட் பட்டன் மட்டும் பழைய இடத்தில், பழைய பெயரில் இருந்தது, ஆனால் இப்போது உடனே அழித்துவிடும். அது சுழலும் பழைய ரக ஹார்ட் டிஸ்க். பார்ட்டிஷனை நீக்கினால் டேபிளில் இருக்கும் பதிவுதான் அழியும், உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். அதன்மேல் அவர் எதையும் எழுதாமல் நிறுத்தியிருந்ததால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை வைத்து மீட்க முடிந்தது. அடுத்து ஃபார்மட்டும் கொடுத்து, கோப்புகளை வேறு ஏற்றியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பெரிய இடங்களிலும் இந்தத் தடுமாற்றம் நடந்திருக்கிறது. 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பில் மேக் கணினியின் டிஸ்க் யுடிலிட்டி புதுத் தோற்றம் எடுத்தது. டிஸ்கை நீளக் கட்டமாகக் காட்டி வந்தது, வட்டமாகக் காட்ட ஆரம்பித்தது. டிஸ்கில் முதல், நடு, கடைசி என்று இடம் உண்டு. பக்கத்தில் காலி இடம் இருந்தால்தான் ஒரு பார்ட்டிஷனைப் பெரிதாக்க முடியும். வட்டத்தில் முதலும் கடைசியும் ஒட்டிக்கொண்டு நின்றால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? அதே பதிப்பில் பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு அமைப்பை உருவாக்கும் வசதியையும் எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு சியராவில் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் 2017-இல் ஹை சியரா வந்தபோது, முழு டிஸ்கையே கண்ணில் படாமல் மறைத்து, அதற்குள் இருக்கும் வால்யூம்களை மட்டும் காட்டுவது இயல்புநிலையானது. டிஸ்கை முழுதாகத் துடைக்க நினைப்பவர் வியூ மெனுவுக்குள் போய் எல்லாச் சாதனங்களையும் காட்டு என்று கேட்க வேண்டும்.

ஃபெடோரா என்ற லினக்ஸின் 18-ஆம் பதிப்புக்கான நிறுவல் கருவி, 2013 ஜனவரியில் வந்தது, இன்னொரு பாடம். அதுவரை டிஸ்கை முன்னால் வைத்து யோசித்தவர்களை, மவுன்ட் பாயின்ட்டை (ஒரு பார்ட்டிஷன் சிஸ்டத்தில் எந்த ஃபோல்டராகத் தெரியும் என்பதை) முன்னால் வைத்து யோசிக்கச் சொன்னது. பழகியவர்கள் முனகித் தீர்த்தார்கள். 2017-இல் ஃபெடோரா 26 வந்தபோது பிளிவெட் ஜியூஐ என்ற, டிஸ்கை மையமாகக் கொண்ட வழியும் பக்கத்திலேயே சேர்க்கப்பட்டது. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

பழைய தோற்றம் வேண்டுமானால் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இந்தக் கருவியை எங்கிருந்து ஓட்டுகிறார்கள் என்று அவர்கள் யோசிப்பதில்லை போலிருக்கிறது. உள்ளே இருக்கும் சிஸ்டமே எழுந்திருக்காதபோது, பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் பூட் செய்து ஓட்டும் கருவி இது. பெரும்பாலும் அடுத்த பூட்டில் எந்த செட்டிங்கும் மிஞ்சாது. திரை சின்னதாக இருக்கும், டச்பேட் வேலை செய்யாமலும் போகும். பழைய தோற்றத்துக்கான பட்டன் முதல் திரையிலேயே இருக்கட்டும், கீபோர்டு குறுக்குவழிகள் பழையபடியே இருக்கட்டும். என் பையில் பழைய பதிப்பு உள்ள பென் டிரைவும் கிடக்கும், புதியதும் கிடக்கும். ஒரே நாளில் இரண்டையும் தொடுவேன். வாடிக்கையாளரோ சி டிரைவ் நிரம்பினால்தான் இதைத் திறப்பார். தினமும் திறக்கும் செயலி என்றால் ஒரு வாரம் திட்டிவிட்டுப் பழகிவிடலாம். எப்போதாவது திறக்கும் கருவியில் ஒவ்வொரு முறையும் முதல் முறைதான். அதுவும் நிஜ டேட்டாவின் மேல்.

நிறம், ஐகான், எழுத்துரு எல்லாவற்றையும் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் பார்ட்டிஷன்களின் அளவைக் காட்டும் சித்திரத்தைத் தொடும்போது கொஞ்சம் கவனம். டிஸ்க் மேனேஜ்மென்ட் பார்ட்டிஷன்களை உண்மையான விகிதத்தில் வரைவதில்லை. சிறியவற்றைப் பெரிதுபடுத்தித்தான் காட்டுகிறது. அது தவறு என்று நினைத்து ஒருவர் சரிசெய்யக் கிளம்பினால், 1 டெராபைட் டிஸ்கில் பூட்டுக்கான 100 மெகாபைட் பார்ட்டிஷன் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. திரையில் ஒரு புள்ளி அகலம்கூடத் தேறாது.

உறுதிப்படுத்தும் பெட்டியில் 'நிச்சயமாகவா?' என்று கேட்பதால் பயனில்லை. டிஸ்கின் மாடல், அளவு, சீரியல் எண் மூன்றும் அங்கே இருக்க வேண்டும். ஒரே மாடலில் இரண்டு டிஸ்க் மாட்டியிருக்கும்போது லினக்ஸ் அவற்றுக்குக் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்ப முடியாது. அடுத்த பூட்டில் அவை இடம் மாறக்கூடும்.

வெளியிடும் முன் பழைய பதிப்பில் ஊறிய நாலு பேரைக் கூப்பிட்டு, ஒன்றுமில்லாத டிஸ்கைக் கொடுத்து, எந்த விளக்கமும் சொல்லாமல் ஒரு பார்ட்டிஷனைக் குறைத்து இன்னொன்று உருவாக்கச் சொல்லுங்கள். கை எங்கே போகிறது, எங்கே தயங்காமல் அழுத்துகிறது என்று மட்டும் பாருங்கள். கருத்துக் கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்க்கும் வாசகர் ஒருவர்