வன்னி இளைஞர்களுக்கு அறிவுரை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

போர் முடிந்த 2009இல் வன்னியில் பிறந்த பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதை எட்டிவிட்டார்கள். குண்டுச் சத்தம் அவர்களுக்கு நினைவில்லை. ஆனாலும் காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் மாட்டிய வீட்டிலும், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நட்ட காணிக்கு அருகிலும், நுண்கடன் தவணை கேட்டு வருபவருக்கு அம்மா சொல்லும் சாக்குகளைக் கேட்டும் வளர்ந்தவர்கள் அவர்கள்.

2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2250ஆம் இலக்கத் தீர்மானம், இளைஞர்களைப் பாதுகாப்பதோடு நில்லாமல் முடிவெடுக்கும் இடங்களிலும் அவர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டுமென்கிறது. இங்கோ இளைஞர் கழகங்களைப் பெரும்பாலும் கதிரை அடுக்குவதற்கும் வரவேற்பு நடனத்துக்குமே அழைக்கிறார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருப்பது நல்ல வாய்ப்புத்தான். ஆனால் துணுக்காய்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வரும் பெண்பிள்ளை, மாலையில் பிரதான வீதியில் இறங்கி, விளக்கில்லாத கிரவல் பாதையில் தனியே வீடு போக வேண்டுமென்றால் எந்தத் தாய் துணிந்து அனுப்புவார்? படிப்பை இடையில் விட்ட ஆண்பிள்ளைகளைப் போதைப்பொருள் விற்பவர்கள் தேடி வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் போதைக்குள் சிக்கிய பின் பொலிஸார் வருகிறார்கள், உளவள ஆலோசகர் வருவது அரிது.

ஆகவே, பயிற்சி நேரத்துக்கு ஏற்ற பேருந்துச் சேவை, பெண்களுக்கான விடுதி, பயிற்சிக்கால உதவித்தொகை ஆகியவற்றை அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில், இளைஞர்களையும் அமர்த்தியே தீர்மானிக்குமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.