ஃபஸ்ஸிங் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க பேப்பர்ல ஏஐ பத்தி நிறைய வருது, நல்லது, ஆனா சாஃப்ட்வேர்ல பக் (பிழை) எப்படி கண்டுபிடிக்கிறாங்கன்னு யாருமே எழுத மாட்டேங்குறீங்க. ஃபஸ்ஸிங்னு ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டரே கண்டமேனிக்கு இன்புட் தயார் பண்ணி ப்ரோகிராமுக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கும், எங்க உடையுதுன்னு பாக்கும். 1988ல அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் மாணவர்களுக்குக் குடுத்த ப்ராஜெக்ட்ல ஆரம்பிச்சது. ஓப்பன் சோர்ஸ் (கோடை யாரும் பாக்கலாம்) ப்ரோகிராமிங் மொழியான கோ-வுல (Go) 2022ல வந்த 1.18 வெர்ஷன்லேர்ந்து இது கூடவே வருது.

கோ மொழிக்காரங்க பாடத்துல வர்ற உதாரணத்தைப் பாருங்க, ஒரு வார்த்தையைத் தலைகீழா திருப்புற சின்ன ஃபங்ஷன் (ப்ரோகிராம் துண்டு), பைட் பைட்டா (கம்ப்யூட்டர் சேமிக்கிற சின்ன அலகு) திருப்பும், இங்கிலீஷ் வார்த்தை குடுத்தா பாஸ், ஃபஸ்ஸர் (ஃபஸ்ஸிங் பண்ற டூல்) வேற மொழி எழுத்து ஒண்ணை உள்ள விட்டதும் ஃபெயில். ஏன்னா யூடிஎஃப்-8ல (எழுத்துகளை பைட்டா சேமிக்கிற முறை) நம்ம 'அ' ஒண்ணுக்கே 3 பைட், அதைத் திருப்பிப் போட்டா அது எழுத்தாவே இருக்காது. தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு இது எவ்வளவு முக்கியம்! உடைச்ச இன்புட்டை ஃபஸ்ஸரே ஃபைலா சேமிச்சும் வெச்சிடும், மறுபடி ஓட்டிப் பாத்துக்கலாம்.

இன்ஜினியரிங் காலேஜ்கள்ல இதை லேப்லயே சொல்லிக் குடுக்கணும், பசங்க கண்டுபிடிக்கிற பக்கை அந்தந்த சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டுக்கே ரிப்போர்ட் பண்ண வைக்கணும். தயவுசெஞ்சு ஒரு கட்டுரை போடுங்க சார்.

- ஒரு வாசகர், கோயம்புத்தூர்